பல்லைப் பிடித்துப் பார்த்த மாடு

“இதுக்குள்ள என்னம்மா இருக்கு?” என்று வாசலிலேயே மறித்தார் தேர்வு மேற்பார்வையாளர். அவள் கையில் இருந்தது மூக்குக் கண்ணாடி வைக்கும் கூடு. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருத்தி கண்ணாடிக் கூட்டோடு தேர்வெழுத வந்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அவள் அதைத் திறந்து நீட்டினாள். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ், பஞ்சின் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நாத்தனார் வாங்கித் தந்தபோது வந்த கூடு அது. கண்ணாடியை என்றோ யாருக்கோ கொடுத்துவிட்டாள். கூடு மட்டும் உழைத்துக்கொண்டிருந்தது.

“என் கம்ப்யூட்டர் சார்,” என்றாள்.

மேற்பார்வையாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். காலில் புது ஷூ. அடியெடுத்து வைத்தால் கிரீச், திரும்பினால் கிரீச். அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளாததால் அவளே மனதுக்குள் கிரீச்சு சார் என்று வைத்துக்கொண்டாள். கிரீச்சு சார் விதித்தாளைப் புரட்டினார். “தேர்வு மெஷின்ல எந்த சாஃப்ட்வேரையும் ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே?”

“எதையும் ஏத்தப் போறதில்ல சார். எல்லாம் இந்தக் குச்சிக்குள்ளயே இருக்கு. உங்க மெஷின் இதை வெச்சு ஓடும். குச்சிய உருவிட்டா நான் வந்துபோன சுவடே இருக்காது. ஆபீசர் கையெழுத்துப் போட்ட லெட்டர் இந்தாங்க.”

தாள் திரும்பும் சத்தம் இரண்டு முறை கேட்டது. ஏற்றக் கூடாது என்றுதான் விதி சொன்னது. செருகக் கூடாது என்று சொல்லவில்லை. “சரி, உக்காருங்க. ஏதாச்சும் கோளாறுன்னா நான் பொறுப்பில்ல,” என்றார்.

அந்தப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குப் பதினொரு வருட சர்வீஸ். விசாரணைகளில் ஒலிப்பதிவான வாக்குமூலங்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வது வேலை. டைப்பிஸ்ட் அக்கா என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை அலுவலகம் விலைக்கு வாங்கி அவள் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தது. ஒரு லைசென்ஸ், ஒரு பெட்டி. கம்பெனியின் சட்டம் அப்படி. சென்ற வருடம் அந்தப் பெட்டி புகைந்து மண்டையைப் போட்டபோது லைசென்சும் கூடவே போய்ச் சேர்ந்தது. புதுப் பெட்டி வந்தது, ஆனால் ஊமைப் பெட்டி. பழைய லைசென்சை இதற்கு மாற்றித் தாருங்கள் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். உங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பதிலும், பதிலோடு ஒரு எண்ணும் வந்தன. முக்கியம் என்றதோடு சரி. புதிதாக ஒன்று வாங்கக் கேட்ட கோப்பு ஏழு மாதமாக மேசை மேசையாக உலாப் போய்க்கொண்டிருக்கிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று அவளை உறை ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை உறை ஒட்டினாலும் அதில் ஒன்றுகூட அவளிடம் ஒரு வார்த்தை பேசாது. தினமும் விரல் இடுக்கில் பசை நாற்றத்தோடு வீட்டுக்குப் போனாள்.

இன்றைய தேர்வு எல்லாத் தட்டச்சர்களுக்கும்தான். தேறுகிறவர்களுக்கு ஆவணப் பிரிவு, தேறாதவர்களுக்கு வேறு வேலை. மற்றவர்களுக்கு வேறு வேலை என்றால் பத்து விதம் உண்டு. அவளுக்கு உறைதான், ஓய்வு பெறும் வரைக்கும்.

குச்சியைத் தந்தது ரேடியோ அண்ணன். எங்கோ வேறு ஊரில் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கும் பார்வை கிடையாது. எப்போது கூப்பிட்டாலும் பின்னால் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். பார்வையில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் மின்னஞ்சல் குழுவில் அவள் புலம்பியதைக் கேட்டுவிட்டுத் தபாலில் அனுப்பி வைத்தார். இயங்குதளம், படித்துக் காட்டும் குரல், எழுதுவதற்கான செயலி எல்லாம் அதிலேயே இருந்தன. எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் செருகலாம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். தெரிந்தவர்கள் உள்ளே திறந்து திருத்தவும் செய்யலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

“சும்மா கிடைக்குதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கும்,” என்றான் அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். பிறகு அவனே, “சரி விடு, தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க,” என்றான்.

“இது பல்லைப் பிடிச்சுப் பாருன்னே குடுத்த மாடுங்க,” என்றாள் அவள்.

வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை அது. அந்தக் குரல் ஆரம்பத்தில் தேதிகளை மென்று விழுங்கிக்கொண்டிருந்தது. வாக்குமூலத்தில் தேதி தப்பினால் எல்லாமே தப்பு. ரேடியோ அண்ணனிடம் சொன்னாள். அவர் அந்தக் குரலின் நிரலைத் திறந்து, எண்களுக்கு நடுவில் ஒரு மூச்சு விட்டுப் படிக்கும்படி மாற்றி, நான்காம் நாள் அனுப்பினார். அந்தக் குரலை உருவாக்கியவர்கள், எல்லோருக்கும் போகிற பிரதியிலும் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் சொன்ன குறையால் முகம் தெரியாத எத்தனையோ பேரின் காதில் இப்போது தேதிகள் சுத்தமாக விழுகின்றன. அதை நினைத்தால் அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருக்கும். கணவனுக்கு இதைக் கேட்டதும் தன் லிஃப்டுகள் ஞாபகம் வந்தன. இப்போது வருகிற லிஃப்டுகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டிக் கம்பெனி முத்திரை வைத்துவிடுகிறார்கள். உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டினாலும் இவன் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு வெளியே நின்று, “வந்துருவாங்க, வந்துருவாங்க” என்று கத்த வேண்டியதுதான். “திறந்து பாக்க முடியாததை எல்லாம் நம்ம பொருள்னு எப்படிச் சொல்றது?” என்றான் கடைசியில். அன்றிலிருந்து குச்சியைப் பற்றி அவன் குறை சொன்னதில்லை. அலுவலகத்தில் அதைச் செருகத்தான் ஆபீசர் இதுவரை விடவில்லை; முதலில் தேறிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று தேர்வுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குச்சியைச் செருகி, பெட்டியைப் போட்டவுடன் கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும், அப்போதுதான் பெட்டி குச்சியிலிருந்து எழும். ஒரு பட்டியல் வரும். அது மட்டும் பேசாது. கிரீச்சு சாரே படித்துச் சொன்னார்: கீழே இரண்டு தட்டு, பிறகு என்டர். கொஞ்ச நேரத்தில் வலது காதில் பழகிய குரல் வணக்கம் சொன்னது. இடது காதில், மேசையில் தனியாக வைத்திருந்த பிளேயரிலிருந்து தேர்வுக்கான ஒலிப்பதிவு. இரண்டு காதுக்கு இரண்டு வேலை. ஆரம்பிப்பதற்கு முன் அவள் கை தானாகப் போய்த் திரையை அணைத்தது. பெட்டியை இல்லை, திரையை மட்டும். வீட்டிலும் அப்படித்தான். பார்க்க ஆளில்லாத இடத்தில் விளக்கு எதற்கு?

இடது காதில் ஒரு பெரியவர் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு சுவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் இழுத்து இழுத்துப் பேச, அவள் விரல்கள் துரத்திக்கொண்டு போயின. வலது காதில் அவள் அடித்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொரு வரி முடிவிலும் சேமித்தாள். மண்டையைப் போட்ட பெட்டி கற்றுக்கொடுத்த பாடம் அது. ஏழு மாதத்துக்குப் பிறகு விரல்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தாள்.

அரைமணி நேரம் போயிருக்கும். கிரீச் கிரீச்சென்று சத்தம் வந்து பக்கத்தில் நின்றது. “அடடா,” என்றார் யாரிடமோ. அவள் நிமிர்வதற்குள் வலது காதுக் குரல் பாதிச் சொல்லில் அறுந்து போயிற்று.

“பயப்படாதீங்கம்மா. உங்க மெஷின் நின்னுபோச்சு. பட்டனை அழுத்திப் பிடிச்சு, மறுபடி ஆன் பண்ணிட்டேன்.”

“நிக்கல சார். ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“திரை கறுப்பா இருந்துச்சேம்மா?”

“திரையத்தான் சார் அணைச்சு வெச்சிருந்தேன்.”

அவர் திரையைப் போட்டார். யாரும் பொத்தானைத் தட்டாததால் அந்தப் பெட்டியின் சொந்த இயங்குதளமே எழுந்து வந்திருந்தது. எழுந்ததும் அதற்கு எத்தனை நாளாகவோ நிலுவையில் கிடந்த காரியங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. கிரீச்சு சார் கம்மிய குரலில் படித்தார்: “அப்டேட் நடக்குது. பதினோரு சதவீதம். கணினியை அணைக்க வேண்டாம்.”

“ஐயோ, அதுவா?” என்றார் முன் வரிசையில் ஒருவர். “எனக்கு ஒருநாள் மத்தியானம் பூரா சுத்துச்சு.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு,” என்றார் கிரீச்சு சார். ஓடுகிற பெட்டியை நிறுத்தியவர், மக்கர் செய்கிற பெட்டிக்கு முன்னால் மரியாதையாக நின்றார். அவளுக்கு எங்கிருந்தோ பசை நாற்றம் வந்த மாதிரி இருந்தது. கோபமும் வந்தது. வாக்குமூலத்தின் சுவர் பாதியில் நிற்கிறது. மிச்சம் இருபத்தைந்து நிமிடம்.

“சார், அது எப்ப முடியும்னு அதுக்கே தெரியாது. மூலையில ஒரு மெஷின் சும்மா கிடக்குதுன்னு காலையில பேசிக்கிட்டாங்க. அதுக்குப் போயிடறேன்.”

“போனா முதல்லேருந்து அடிக்கணுமே?”

“வேணாம் சார். அடிச்சதெல்லாம் குச்சியில இருக்கு.”

“மெஷின் மாத்தறதுக்கு ரூல்ல இடமில்லையேம்மா.”

“ஓடுற மெஷினை அணைக்கறதுக்கு இருக்கா சார்?” என்று கேட்டபடியே குச்சியைத் தடவிப் பிடித்தாள். “ஏழு மாசமா உறை ஒட்டிக்கிட்டிருக்கேன். இன்னிக்கு விட்டேன்னா அதுதான் சார் என் பொழப்பு, கடைசி வரைக்கும்.”

கிரீச் கிரீச்சென்று மூலைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. “வாங்கம்மா. இதுவும் அதே மாதிரி மெஷின்தான்.”

குச்சியை உருவி, பிளேயரையும் எடுத்துக்கொண்டு போனாள். செருகினாள். பெட்டியைப் போட்டுப் பொத்தானைத் தட்டினாள். கீழே இரண்டு, என்டர். காற்றாடி சுற்றும் சத்தம் வந்தது. குரல் வரவில்லை. மூச்சை எண்ண ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது. நடுவில் பெட்டியை அணைத்ததில் குச்சி கெட்டுப்போயிருந்தால்? பதினான்காவது மூச்சில் வலது காதில் வணக்கம் வந்தது. கோப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போனாள். “அந்தச் சுவரை எங்கப்பா கட்டினார்” என்று படித்துவிட்டு நின்றது குரல். ஒரே ஒரு வரிதான் குறைந்தது. ஒலிப்பதிவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். கை வழக்கம்போலத் திரையின் பொத்தானுக்குப் போனது. ஒரு நொடி தயங்கியது. பிறகு அணைத்தாள்.

இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஆபீசரின் குரல். “என்னப்பா அந்த மூலை மெஷின் கறுப்பா இருக்கு? அணைஞ்சு போச்சா?” கேட்டுக்கொண்டே அவர் நெருங்கி வந்தார்.

ஹாலின் மறுகோடியிலிருந்து கிரீச் கிரீச்சென்று ஷூச் சத்தம் ஓட்டமாக வந்து, அவள் தோளை ஒட்டி, பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றது.

“ஓடுது சார். தொடாதீங்க.”

“திரையில ஒண்ணுமே காணோமே?”

“ஓடுது சார்.”

“அவங்க பழைய மெஷின் இங்க இன்னும் முப்பத்தெட்டு சதவீதத்துல நிக்குது,” என்றார் முன் வரிசைக்காரர்.

அவள் விரலை நிறுத்தவில்லை. இடது காதில் பெரியவர் சுவரை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஷூ, மணி அடிக்கும் வரை ஒரு கிரீச் கூடப் போடவில்லை.