ஸுவைலிமுக்கு ஏன் குளிர்ந்தது

பிப்ரவரிக் காலையில் ஏழு எம்.எம். தடிமனில் முக்குளிக்கும் ரப்பர் சூட் கேட்டு ஸுவைலிம் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தஹாபில் கடலுக்கடியில் ஆட்களை அழைத்துப்போகும் வழிகாட்டிகளில், குளிர்காலம் முழுக்க மூன்று எம்.எம். ரப்பரை மட்டும் மாட்டிக்கொண்டு இறங்கியவர் அவர் ஒருவர்தான். பாலைவனத்துப் பதூக்களுக்கு வெயில் தோலுக்குள்ளேயே இருக்கிறது என்று பெருமை வேறு பேசுவார்.

"யாருக்கு அபு ரீம்? பின்லாந்துக்காரங்களுக்கா?" என்றேன். மகள் ரீமின் அப்பா என்று அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எனக்குத்தான். மொதல்ல கதவச் சாத்தும்மா, காத்து வருது."

பன்னிரண்டு வருடமாக இந்த சூட் அறை என் பொறுப்பு. தண்ணீர் இருபத்தொரு டிகிரி என்று பலகையில் எழுதிவைத்தால் வடநாட்டு விருந்தாளிகள் கோடைகாலம் என்று நினைத்து மெல்லிசாக எடுப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து உதடு நீலம் பாய்ந்து கரையேறி வருவார்கள். கெய்ரோக்காரர்கள் ஆகஸ்டிலேயே ஐந்து கேட்பார்கள். எனக்குப் பலகை முக்கியமில்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார், இன்றைக்கு எத்தனையாவது முறை, காலையில் சாப்பிட்டாரா, இதையெல்லாம் கேட்டுத்தான் கொடுப்பேன். சம்பந்தமில்லாத விஷயத்திலும் மூக்கை நுழைக்கிறவள் என்று பெயர் வாங்கியது இப்படித்தான்.

ஸுவைலிம் விஷயம் என்னைக் குடைந்தது. டிசம்பரில் மூன்றிலிருந்து ஐந்துக்கு மாறினார். ஜனவரியில் அதற்குள்ளே ஒரு ரப்பர் பனியனும், தலைக்குக் குல்லாவும். நேற்று இருபத்தைந்தாவது நிமிடத்தில் நடுங்கிப்போய், ஆறு விருந்தாளிகளையும் பாதியிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளியம்மா இன்ஜி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீங்க ஜீப் ஓட்டுங்க. கடலுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்." கடலைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எதுவும் தெரியாது. வயதாகிவிட்டது என்றார் சமையல்காரர். நாற்பத்தாறு வயது மனிதருக்கு மூன்றே மாதத்தில் எப்படி வயதாகும்?

கேட்ட ஏழு எம்.எம். சூட்டையே எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, மிதக்காமல் இருக்க இடுப்பில் கூடுதலாக நான்கு கிலோ ஈயக்கட்டியும் கட்டிக்கொண்டார்.

"திரும்புங்க."

"எதுக்கு?"

"சும்மா திரும்புங்களேன். கடிச்சிட மாட்டேன்."

ஆளைத் தொடாமல், முதுகு ரப்பரை மட்டும் இழுத்துப் பிடித்து ஒரு துணிக் கிளிப் போட்டேன். இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டு, மூன்று. மூன்று கிளிப் மாட்டும் அளவுக்கு முதுகில் ரப்பர் தொங்கியது. சூட்டுக்குள் கசியும் தண்ணீர் அங்கேயே தங்கி உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பானால்தான் குளிராது. இவர் சூட்டுக்குள் கடல் வந்து வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை எம்.எம். போட்டு என்ன பிரயோஜனம்!

"தடிமனத்தானே மாத்திக்கிட்டே இருந்தீங்க. அளவ மாத்தவே இல்லியே?"

"என் அளவு எனக்குத் தெரியாதா? கல்யாணத்துலருந்து ஒரே அளவுதான்."

இரண்டு அளவு சின்னதில் ஐந்து எம்.எம். எடுத்துக் கொடுத்தேன். பெண்பிள்ளை அளவு என்று முறைத்தார். ஆனால் ஜிப் தடங்கலில்லாமல் கழுத்துவரை ஏறியது. இவ்வளவு இளைத்திருக்கிறாரே என்று எனக்கு அது பிடிக்கவில்லை.

பகல் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "அம்பத்தெட்டு நிமிஷம்! ஒரு நடுக்கம் கிடையாது! நஷ்வா, நீ சூனியக்காரிதான். இன்ஜியக் கூப்பிடு, எம் மூஞ்சியப் பாக்கச் சொல்லு." சொல்லிக்கொண்டே ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவருடைய பழைய அளவு ஐந்து எம்.எம். பின்சுவரில் கிடந்தது நினைவுக்கு வந்தது. நேற்று நடுக்கத்தில் அதைக் கழற்றாமலே ஜீப்பில் வந்து, அலசாமல் சுவரில் வீசிவிட்டுப் போயிருந்தார். சூட்டுக்குள்ளேயே மூத்திரம் போகாத முக்குளிப்பவர் உலகத்தில் கிடையாது. இல்லை என்கிறவர் பொய் சொல்கிறார். குளிரும்போது அந்த ஒரு சூடுதான் துணை. அது எனக்குப் பழகிய விஷயம். காலையில் அலச எடுக்கப் போனபோது கண்ணில் பட்டதுதான் புதிது. அப்போது அதை ஒரு வேடிக்கையாக நினைத்து அப்படியே விட்டிருந்தேன்.

போய் அதை எடுத்து வந்து அவர் முன்னால் பிடித்தேன். தொடைப் பக்கம் முழுக்க எறும்பு.

"என்ன இது?"

"எங்கப்பாவுக்குச் சர்க்கர இருக்குன்னு எங்க ஊரு மன்சூராவுல இப்படித்தான் தெரிஞ்சுது. கக்கூஸ்ல எறும்பு. அவரும் இப்படித்தான் எளச்சார், இப்படித்தான் தண்ணி குடிச்சார்."

அவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். மூடியைத் திருகி மூடினார்.

"கடல்ல எறங்கலாம்னு டாக்டர் சீட்டுல கையெழுத்து வாங்க அடுத்த மாசம் போகணும்" என்றார் மெதுவாக. "அதுவரைக்கும்..."

"இன்னிக்கே போங்க அபு ரீம்."

"கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிட்டான்னா?"

வெளியே இன்ஜியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஸுவைலிம் வாசற்படியில் உட்கார்ந்து, பழைய சூட்டை மடியில் வாங்கிப் போட்டுக்கொண்டார். எறும்புகள் ரப்பரிலிருந்து அவர் கட்டைவிரலுக்கு ஏறின. அவர் உதறவில்லை. அவை எங்கே போகின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.