கயிற்றின் அந்தப் பக்கம்

கன்னிவாடியிலிருந்து மலையேறும் ரோட்டில், முதல் வளைவைத் தாண்டியதும் சிவமுருகனின் வீடு. மலைமேலிருந்து காய்கறி மூட்டைகளை இறக்கிவரும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன் அவன். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் மரங்களை வெட்டிப்போட்ட பிறகு, பொழுது சாய்ந்தால் தேவாங்குகள் தரையில் இறங்கிக் கடக்க ஆரம்பித்தன. தேவாங்குக்குத் தாவத் தெரியாது. ஒரு கையை எடுத்து வைக்கும், நிற்கும், அப்புறம்தான் அடுத்த கை. வண்டி வெளிச்சம் கண்ணில் பட்டால் நின்ற இடத்திலேயே உறைந்துவிடும்.

அவன் மனைவி கந்தம்மாள் ஒருநாள் காலையில் வாசல் தெளிக்க வந்தபோது, டயர் ஏறிச் செத்துக் கிடந்த ஒன்றைப் பார்த்தாள். அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி குட்டி உயிரோடு இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மரத்தில் கொண்டுபோய் விட்டாள். அது பிழைத்ததா என்று தெரியவில்லை.

"ரோட்டுக்கு மேல குறுக்க ஒரு வடம் கட்டினா என்னங்க? அதுபாட்டுக்கு அது போயிரும்ல" என்றாள் சிவமுருகனிடம்.

கட்டுவதற்குச் செந்தில்வேல் வந்தான். கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுகிறவன், எந்த மரமானாலும் விறுவிறுவென்று ஏறிவிடுவான். வீட்டுப் பக்கம் இருந்த புளியமரத்தில் ஒரு நுனியைக் கட்டினான். எதிர்ப்பக்கம் எந்த மரம் என்று யோசித்தபோது அவனே சொன்னான்.

"அந்த இலுப்பையில கட்டுவோம்ணே. கிளை தாழ்வா கெடக்கு, அதுக இறங்க வாகா இருக்கும்."

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கந்தம்மாள் கொடுத்த காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

கொஞ்சநாள் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு கருக்கலில், குழந்தை நடை பழகுவதுபோல ஒன்று வடத்தைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தது. கீழே ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கந்தம்மாள் சத்தமில்லாமல் சிரித்தாள். அதன்பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அடுப்பைத் தணித்துவிட்டு வாசலில் வந்து நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. விடியுமுன் எழுந்தால், அவை அந்தப் பக்கமிருந்து திரும்பி வருவதையும் பார்க்கலாம்.

திரும்பி வருவதுதான் முதலில் நின்றது.

சாயங்காலம் போகும். விடியற்காலம் வடம் வெறுமையாகத் தொங்கும். அந்தப் பக்கம் தீனி நிறைய கிடைக்கிறதோ, அங்கேயே தங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் இருட்டுகிற நேரம், ஒன்று இலுப்பைக் கிளைக்குள் மறைந்த சற்றைக்கெல்லாம் மெல்லிய விசில்போல ஒரு சத்தம் வந்து, பாதியில் அறுந்தது. ஆந்தையாக இருக்கும் என்றான் சிவமுருகன். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து ரோட்டைக் கடந்து போனாள். இலுப்பைக் கிளையில் கை வைத்தவள் பதறி எடுத்தாள். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. கிளை நெடுக ஆலம்பால் காய்ச்சிப் பூசியிருந்தார்கள், குருவி பிடிக்கிறவர்கள் பூசுவதுபோல. அதில் சாம்பல் நிற மயிர் கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது. கீழே யாரோ பல நாள் குத்தவைத்து உட்கார்ந்து புல் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்குப்பை. சரிகைக் கரை போட்ட ரோஸ் நிறத் துணி. தன் மகள் சுபஸ்ரீயின் சடங்குக்குச் செந்தில்வேல் போட்ட பந்தலில் அந்தத் துணி தலைக்கு மேல் ஆடியது அவளுக்கு நினைவு இருந்தது.

செந்தில்வேலைத் தேடிப் போகவேண்டிய சோலி அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. அன்று மத்தியானம் அவனே வந்தான்.

"ஒரு துணிப்பையைக் காங்கலை மதினி. எடுத்து வச்சிருக்கீகளா?"

சிவமுருகன் அவன் சட்டையைப் பிடித்தான். "ஏலே, வாயில்லாச் சீவனைப் பிடிச்சு என்னடா செய்யிற?"

செந்தில்வேல் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலும் உயரவில்லை. "கேக்குறவுக கேக்குறாக. சிலருக்கு உசுரோட வேணும், சிலருக்குக் கண்ணு மட்டும் போதும். எதுக்குன்னு நான் கேக்குறதில்லை. நீங்களும் கேக்காதீக." பிறகு கந்தம்மாளைப் பார்த்தான். "சுபஸ்ரீ காலேசுல இருந்து சாயங்காலப் பஸ்லதான வருது? இந்த வளைவுலதான இறங்குது? ஒரு லைட்டுக் கம்பங்கூட இல்லை பாருங்க இங்க."

சிவமுருகனின் கை தானாகக் கீழே இறங்கியது.

அவன் போனபின் இருவரும் வனத்துறைக்குப் போய்ச் சொன்னார்கள். வனக்காவலர் ஒருவர் வந்து பார்த்தார், கிளையில் இருந்த பாலைச் சுரண்டி எடுத்தார், பையையும் வாங்கிக்கொண்டார். செந்தில்வேலைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திண்டுக்கல்லில் பந்தல் வேலையில் இருந்தேன் என்று அவன் சொன்னதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். "மறுபடி வந்தா உடனே போன் பண்ணுங்க" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார் காவலர்.

சிவமுருகன் வடத்தை அறுத்துவிட்டான். அறுந்த நுனி ரோட்டில் விழுந்தபோது கந்தம்மாள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் அவன் மலைக்குப் போய்விட்டான், லோடு ஏற்றி வர நேரமாகும். பொழுது சாய்ந்தது. புளியமரத்தில் வழக்கமான இடத்துக்கு ஒரு தேவாங்கு வந்தது. வடம் இருந்த திசையில் கையை நீட்டியது. ஒன்றுமில்லாத இடத்தில் விரல்களை விரித்து, மூடி, மறுபடி விரித்தது. பிறகு மெதுவாக அடிமரம் வழியாக இறங்க ஆரம்பித்தது.

கந்தம்மாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாள். மலையிலிருந்து வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பின்னால் இரண்டு பைக்குகள். எதிரே கன்னிவாடியிலிருந்து பஸ் வந்து நின்று, சுபஸ்ரீ இறங்கினாள்.

"என்னம்மா, நடுரோட்டுல நிக்கிற?"

"நீ வெரசா வீட்டுக்குள்ள போ. கதவைச் சாத்திக்க."

சுபஸ்ரீ போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பினாள். பஸ்ஸின் பின்படி வழியாக இன்னொருவனும் இறங்கியிருந்தான். ரோட்டோரமாக நடந்து, இலுப்பை மரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தான் செந்தில்வேல்.

"நிப்பாட்டுங்க மதினி, நல்லா நிப்பாட்டுங்க" என்றான். "அடிபட்டா எனக்கும் பிரயோசனமில்லை."

தேவாங்கு தாரில் கால் வைத்திருந்தது. அவனை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. கந்தம்மாள் குனிந்து முந்தானையால் அதைச் சுற்றி எடுத்தாள். அது அவள் கையைக் கடித்தது. அவள் பிடியை விடவில்லை. புளியமரத்தில் திரும்ப ஏற்றிவிட்டு வந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சுபஸ்ரீ காவலரின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

செந்தில்வேல் எழுந்திருக்கவில்லை. மரத்தில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டான்.

கந்தம்மாள் டார்ச்சைப் புளியமரத்தின் மேல் அடித்தாள். திருப்பி ஏற்றிவிட்டதன் ஜோடிக் கண்கள் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே இன்னொரு ஜோடி. அதற்கும் மேலே, இன்னும்.