பங்குனி கழியட்டும்

எங்கூட்டுக்காரரு பழனிமுத்து டைல்ஸ் மேஸ்திரி. மைசூருல பாதி பாத்ரூம் இவரு ஒட்டுனதுதான்னு நான் கேலி பண்ணுவேன். அந்த மனுசனுக்கு வந்த நோவு பாருங்க, எங்க வந்துச்சுன்னு நாலு பேருகிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாத எடத்துல வந்துச்சு.

ரத்தம் போறப்ப மூலம்னு சொல்லிக்கிட்டு கருணைக்கிழங்கா தின்னுட்டுத் திரிஞ்சாரு. நான்தான் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். மலக்குடல்ல சின்னதா ஒரு கட்டி, ஆரம்பத்துல இருக்கிற புத்துநோவு. கத்தி வைக்காம ஸ்கோப் விட்டு உள்ளாறயே அறுத்து எடுத்துட்டாங்க. தையல் இல்ல, தழும்பு இல்ல, அடுத்த வாரமே வேலைக்குப் போயிட்டாரு. டாக்டரம்மா மட்டும், "கட்டி கொஞ்சம் ஆழமா எறங்கியிருக்கு, திரும்பி வரலாம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா நல்லது. வேண்டாம்னா சொல்ற தேதிக்கெல்லாம் வந்து ஸ்கோப் பாத்தே ஆகணும்"னாங்க. இவரு ஸ்கோப்புக்குத் தலையாட்டினாரு.

சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவை கூடத் தவறலை. முந்தின நாளே பேதி மருந்தைக் குடிச்சுட்டு கக்கூசுக்கும் கட்டிலுக்குமா நடப்பாரு. "நெருப்புக் குண்டம் எறங்குறவனுக்கு இதெல்லாம் ஒரு நடையா புள்ளே"ம்பாரு. அப்படி ஒழுங்கா இருந்த ஆளுக்குத்தான் போன ஐப்பசியில அதே எடத்துல திரும்ப வந்துச்சு.

"இந்தத் தடவை ஸ்கோப்புல எடுக்க முடியாது. மலவாயையே எடுத்துட்டு, வயித்துல வழி பண்ணி பை வைக்கணும். ஆயுசுக்கும் பை இருக்கும். ஆனா ஆளும் இருப்பாரு. தட மாடபேடி"ன்னாங்க டாக்டரம்மா. தாமசம் பண்ணாதீங்கன்னு கன்னடத்துல சொன்னா இவருக்கு நல்லாவே புரியும். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டுட்டு வெளிய வந்து சொன்னாரு, "பங்குனி கழியட்டும்."

பங்குனியிலதான் எங்க ஊரு ராமாபுரத்துல மாரியாத்தா குண்டம். தொட்டையன் பூசாரி கரகத்தோட முதல்ல நெருப்புல எறங்குவாரு. அவரு பின்னாடி எங்கூட்டு ஆளு. இவங்க தாத்தன் காலத்துல இருந்து அதுதான் முறை. காப்புக் கட்டிட்டா பாயில படுக்கக் கூடாது, வெளிய கை நனைக்கக் கூடாது, அத்தனை சுத்தபத்தம்.

"மலத்தை வயித்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு ஆத்தா முன்னாடி எப்படிப் புள்ளே நிப்பேன்? இந்த வருசம் ஒண்ணு எறங்கிக்கறேன். அப்புறம் எப்படி வேணா வெட்டட்டும்."

"எல்லார் வயித்துலயும் அதேதானுங்க இருக்குது. ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்?"

சரி, பூசாரிகிட்டயே கேட்டுப்புடறேன்னு போனை எடுத்தேன். வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டாரு. "ஊருக்கு மட்டும் தெரிஞ்சுது, நான் இப்பவே செத்தேன்னு வச்சுக்கோ"ன்னாரு. ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் நான் கத்தாத கத்தில்லை. சோறு போடாமப் பாத்தேன். கால்லயும் விழுந்தேன். செவுத்துகிட்டப் பேசியிருந்தா செவுரு ஒத்துக்கிட்டிருக்கும்.

குண்டம் அன்னிக்கு முதல்ல எறங்கினது தொட்டையண்ணன், இடுப்புல மஞ்சத் துண்டை மடிப்பு மடிப்பாச் சுத்திக்கிட்டு. கோயமுத்தூருக்குப் போயி குடலெறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததுல இருந்து அப்படித்தான் கட்டுவாரு. அண்ணனுக்குத் தொப்பை தாங்கலைன்னு பொம்பளைங்க நாங்க சிரிச்சுக்குவோம். அவரு பின்னாடி இவரு. நல்லாத்தான் நடந்தாரு, கால்ல ஒரு கொப்புளம் இல்ல. கும்பிடற கையைக் கீழ போட்டுட்டு அழுதேன்.

சித்திரையில ஸ்கேன் எடுத்தாங்க. இவரை வெளிய உக்கார வச்சுட்டு என்னை மட்டும் கூப்பிட்டாங்க டாக்டரம்மா. ஈரல் பூராப் பரவிடுச்சாம். "இனி பை வச்சுப் பிரயோஜனமில்லம்மா. மருந்து ஏத்தி, முடிஞ்ச வரைக்கும் வலியில்லாமப் பாத்துக்கலாம்"னு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. எத்தனை நாளுன்னு நான் கேக்கலை. இவருகிட்ட மருந்து ஏத்தணும்னு மட்டும் சொன்னேன். மத்தது வாயில வரலை.

இவரு மெலிஞ்சது ஊருக்கு எட்டி, தொட்டையண்ணன் ஆத்தா துன்னூறு எடுத்துக்கிட்டு மைசூரு மேட்டகள்ளிக்கு எங்கூட்டைத் தேடி வந்தாரு. துன்னூறைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இனி யாருக்காக மறைக்கணும். வந்த நோவு, வைக்கச் சொன்ன பை, இவரு சொன்ன பங்குனி, ஈரல் சமாச்சாரம் தவிர எல்லாத்தையும் கொட்டினேன். "உங்க ஆத்தா மொகம் சுளிப்பாளாமுங்க. அதுக்காகத்தான் அண்ணா இந்த மனுசன் ஒத்துக்கலை"ன்னேன். இவரு செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு.

தொட்டையண்ணன் எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்தினாரு. சட்டையைத் தூக்கி, இடுப்புத் துண்டை ஒவ்வொரு சுத்தா அவுத்தாரு. வயித்துல இடது பக்கம் பை ஒட்டியிருந்துச்சு.

"எனக்குக் குடலெறக்கம் இல்ல அம்மிணி, இதே நோவுதான்"னாரு. "தெரிஞ்சா கரகத்தைப் புடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கன்னு ஒருத்தருக்கும் சொல்லலை. முதல் வருசம் நடுங்கிக்கிட்டுத்தான் எறங்கினேன். ஆத்தா ஒண்ணும் பண்ணலை. நாலு குண்டம் ஆச்சு."

அந்தத் துண்டைப் புடுங்கி அவரு மூஞ்சியில வீசணும்னு இருந்துச்சு. ஐப்பசியில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும். ஆனா அவருக்கு எப்படித் தெரியும், இவருதான் யாருக்கும் சொல்ல விடலையே. ரெண்டு பேரும் முன்னயும் பின்னயும் ஒரே நெருப்புல நடந்திருக்காங்க, ஒருத்தருக்கொருத்தரு வாயைத் தெறக்காம. அண்ணன் துண்டுலயே மொகத்தைப் பொத்திக்கிட்டு அழுதாரு.

இவரு அழுகலை. மெதுவா எந்திரிச்சுக் கிட்டப் போனாரு. டைல்ஸ் பாக்குற மாதிரி தலையைச் சாய்ச்சு, பையோட ஓரத்தைக் கட்டை விரலால தடவிப் பாத்தாரு.

"ஒட்டு நல்லா நிக்குது. நாத்தம் வருதா?"

"வராது பழனி."

"குளிக்கலாமா?"

"தாராளமா."

அப்புறம் என்னைப் பாத்துத் திரும்பினாரு. ஐப்பசியில இருந்து நான் பாக்கணும்னு தவிச்ச மொகம் அது.

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு புள்ளே. நான் பை வச்சுக்கறேன்."

சரிங்க, சொல்லிடறேன்னேன்.