கடைசி வண்டியின் கிளட்ச்

1.

இந்தக் கதை ஒரு பழுதுபார்க்கும் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. என் வண்டி தயாராகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுத்து என்று எதைக் கண்டாலும் விடாத ஆள் நான். மேசைமேல் கிடந்த கையேட்டை எடுத்துப் பிரித்தேன். மணலிலும் மலையிலும் ஏறுவதற்கென்றே செய்த தடித்த நாலுசக்கர வண்டிகளுக்கான கையேடு. கிளட்ச் ஏன் காலத்துக்கு முன்பே தேய்கிறது என்று ஒரு பக்கம். அதில் ஒரு வரி: நடக்கும் வேகத்தில் நெடுநேரம் ஊர்ந்து செல்ல வேண்டாம்.

அந்த வரியோடு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மலையேறும் வண்டியை வாங்கிவிட்டு யார் ஊர்ந்து போவார்கள்? பயந்தவர் போவார். இல்லாவிட்டால், பயந்தவருக்குப் பின்னால் வருகிறவர் போவார். இந்த இரண்டாமவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

2.

முதல் தொடக்கம்: "மலைச்சரிவில் மூடுபனி மெல்ல..." (வேண்டாம். எனக்கே தூக்கம் வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "அந்த வீட்டில் மருமகளுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால், அவள்" (இதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் மருமகள் வந்துவிட்டாள். இனி அவளைத் திருப்பி அனுப்ப முடியாது.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்வோம்.

மருமகள் மஞ்சள் வண்டியின் கிளட்ச் மூடியைக் கழற்றியதும் கருகல் நாற்றம் முகத்தில் அடித்தது. வடித்த ஆயில் கரியாக இறங்கியது. மாற்றிப் போட்டுச் சில வாரம்கூட ஆகவில்லை.*

குடும்பத்தின் பிழைப்பு இந்த வண்டிகள்தாம். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டு, மலைப்பாதையில் வரிசையாக அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவார்கள். மாமனார் கவுன்டரில். மகன் வரிசைக்கு முன்னால் வழிகாட்டி. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, கடைசி வண்டியில் மாமியார். பின்கட்டு ஷெட்டில் மருமகள். கல்யாணத்துக்கு முன்பே இந்த வேலை படித்தவள். ஷெட் சாவியை மாமனாரே அவள் கையில் கொடுத்திருந்தார். வந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தச் சாவி ஒன்றுதான்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மறுபடியும் மஞ்ச வண்டியா?"

"ஆமா மாமா."

"மத்ததெல்லாம் ஒழுங்கா ஓடுது. இது மட்டும் உன் கைக்கு அடங்க மாட்டேங்குதே."

"நல்ல பார்ட்ஸ்தான் மாமா போட்டேன். ஆயிலும் சரியான ஆயில்தான்."

"அப்ப அதுவாவா எரிஞ்சுக்குது? எனக்கு உன்மேல வருத்தமெல்லாம் இல்லம்மா. இன்னொரு தடவை இது படுத்துச்சுன்னா டவுன் மெக்கானிக்கை வரச் சொல்லிடறேன். சாவியை அவர்கிட்ட குடுத்துடு. நீ வந்து கவுன்டர்ல உக்காரு. அங்க ஃபேன் இருக்கு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த "ஃபேன் இருக்கு"தான் சுட்டது.

* இந்த வண்டிகளில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் தாமாக விரிந்து, சுற்றியுள்ள உருளையை இறுகப் பற்றும். எஞ்சின் அரைகுறையாகச் சுற்றினால் பிடியும் அரைகுறைதான். உரசும், சூடேறும், கருகும். இதற்குமேல் எனக்குத் தெரியாது. விளக்கிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு போன் வந்துவிட்டது.

3.

மாமியாரை எழுதத்தான் எனக்குத் தயக்கம். கொடுமைக்காரியாக எழுதினால் ஏற்கெனவே கூட்டம் அதிகம். நல்லவளாக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் அவள் குணத்தை விட்டுவிட்டு, வண்டி ஓட்டுவதை மட்டும் சொல்கிறேன்.

பல வருஷம் அவள் கவுன்டரில் டிக்கெட் கிழித்தாள். ஒருநாள் பாதையில் தனியே மாட்டிக்கொண்டு அழுத ஒரு பெண்ணை, வேறு ஆள் இல்லாததால், இவளே மஞ்சள் வண்டியில் போய் மெதுவாக இறக்கிக் கூட்டிவந்தாள். அன்றிலிருந்து கடைசி வண்டி அவளுடையது. ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது அவளுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். வண்டியில் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

(மருமகளுக்கு அவள்மேல் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். முறுக்கி முறுக்கி ஓட்டுகிறவர்கள்மேல்தான் சந்தேகம் வரும். பூப்போல ஓட்டுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?)

கணவன் எங்கே என்றும் கேட்பீர்கள். முதல் வரைவில் இருந்தான். ஒரு பக்கம் முழுக்கத் தேநீர் குடித்தான். அதனால் வரிசைக்கு முன்னால் அனுப்பிவிட்டேன்.

4.

பார்ட்ஸும் ஆயிலும் சரி என்றால், வண்டி பாதையில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் மிச்சம். கூட்டம் இல்லாத ஒரு மதியம்.

"அத்தை, புது கிளட்ச் போட்டிருக்கேன். ட்ரையல் பாக்கணும். நான் முன்னாடி போறேன், புதுசா ஓட்டக் கத்துக்கறவங்க மாதிரி. நீங்க எப்பவும் வர்ற மாதிரியே வாங்க."

"நீயா? உனக்கு நடிக்க வருமா?"

"உங்க பையனைக் கட்டிக்கிட்டதுலேர்ந்து அதானே பண்ணிட்டிருக்கேன்."

"அடி இவளே! வா, வந்து பேசிக்கறேன் உன்கிட்ட."

மருமகள் திக்கித் திணறி ஓட்டினாள். நின்றாள், திருப்பினாள், கல்லில் ஏற்றி இறக்கினாள். பின்னால் மஞ்சள் வண்டியின் சத்தம் ஒரே சீராக, தூங்கும் ஆளின் மூச்சுபோல வந்துகொண்டிருந்தது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் அவள் நடிப்பதை மறந்துவிட்டாள். உண்மையாகவே மெதுவாகப் போகத் தோன்றியது. தன்னை யாரும் அவசரப்படுத்தாமல் ஒரு வேலை செய்து எவ்வளவு நாளாயிற்று என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். அவளும் முடிக்கவில்லை.)

ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் வண்டியும் சரிவில் நின்றிருந்தது. மாமியாரின் கை பிரேக்கில் இல்லை. கட்டைவிரலால் ஆக்ஸிலரேட்டரை மயிரிழை அழுத்தி, அந்தப் பிடியிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தாள்.

"பிரேக் பிடிக்க மாட்டீங்களா அத்தை?"

"பிடிச்சா சத்தம் இறங்கிடும். முன்னாடி போறவங்க, நான் இருக்கேனான்னு திரும்பிப் பாப்பாங்க. திரும்பினா கை கோணும். பக்கத்துல பள்ளம்."

"சரி, லோ கியர்ல போட்டுக்கலாமில்ல? எஞ்சின் வேகமாச் சுத்தும், கிளட்ச் நல்லாப் பிடிச்சுக்கும்."

"லோல போட்டா அது கத்தும்மா. பின்னாடி நின்னு ஒண்ணு கத்திக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் பதறாது? உங்க மாமாகிட்ட இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு இதுகூடத் தெரியாதா எனக்கு?"

மருமகள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

5.

ஷெட்டுக்கு வந்து மருமகள் கிளட்ச் மூடியைத் திறந்து பார்த்தாள். புதுக் கட்டைகளின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

இங்கே முடிவுகள் வந்து வரிசையில் நின்றன. பழியை மருமகள் தன்மேல் போட்டுக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறாள்: எழுதினேன், கிழித்தேன். நம் கதைகளில் தியாகம் செய்த மருமகள்கள் போதும். மாமனாரிடம் உண்மையைச் சொல்கிறாள்: சாவி தங்கும், மாமியார் டிக்கெட் கிழிக்கப் போவாள். நல்ல சைலன்சர் ஒன்றைப் போட்டு லோ கியரின் சத்தத்தை அடக்கிவிடுகிறாள்: இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "கத்தறது எஞ்சின் சார், புகைக்குழாய் இல்ல" என்று சிரித்தார்.

நான் பேனாவைக் கீழே வைத்த நேரத்தில் மாமியார் ஷெட்டுக்குள் வந்தாள். கருகிய கட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பண்ணதா இது?"

மருமகள் விளக்கை அருகில் இழுத்து வைத்தாள்.

"ஆமா அத்தை."

"அவர்கிட்ட சொல்லிடு."

"சொன்னா உங்களை வண்டியிலேர்ந்து இறக்கிடுவார்."

"சொல்லலேன்னா உன்னைக் கொண்டுபோய் உக்கார வெச்சிடுவார். ஃபேனுக்கு அடியில."

6.

மாமனார் வந்தார். மேசையைப் பார்த்தார். "கறுத்துடுச்சா? சரி, இப்பவாவது காரணம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மாமா."

"என்ன?"

"சொன்னாப் புரியாது. நீங்க ஒரு வண்டி எடுத்துக்கிட்டு முன்னாடி போங்க. அத்தை பின்னாடி வருவாங்க. ஏற்றம் வரைக்கும் போயிட்டு வாங்க, சொல்றேன்."

"நானா? எனக்கு முதுகு..."

"முதுகில்ல, பயம்," என்றாள் மாமியார். "வண்டி வாங்கின நாள்லேர்ந்து ஒரு தடவை ஏறி உக்காந்ததில்ல, மகாராஜா."

"யாருக்குடி பயம்?"

"அப்ப ஏறுங்க."

ஹெல்மெட்டின் வாரை மருமகள்தான் மாட்டிவிட்டாள். அவர் கொக்கியை இரண்டு முறை தவறவிட்டதை அவள் பார்த்தாள், பார்க்காததுபோல இருந்துவிட்டாள். எவ்வளவு கருகுகிறது என்று அவரே வந்து பார்க்கட்டும் என்று, மேசையில் இருந்த கட்டைகளையே மஞ்சள் வண்டியில் திரும்பப் பூட்டினாள். ஒரு மெக்கானிக் தெரிந்தே செய்யக்கூடாத காரியம் இது.

7.

இதோ, அவர் போய்க்கொண்டிருக்கிறார். தோள் இறுகியிருக்கிறது. நடந்து போனால் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம். பின்னால் மஞ்சள் வண்டி, நெருங்காமல், விலகாமல். அந்தச் சீரான சத்தத்துக்குள் கட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டிருக்கின்றன. வளைவில் பள்ளம் வருகிறது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் சற்றே தளர்கிறது.

மருமகள் ஷெட் வாசலில் நிற்கிறாள். நானும் அவளோடு நின்றுவிடுகிறேன். அவர் இறங்கி வந்து சாவியைப் பற்றி என்ன சொல்வார், மனைவியிடம் என்ன சொல்வார், தேய்கிற கிளட்சுக்கு என்ன வழி சொல்வார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு அதில் ஒரே ஒரு வேண்டுகோள்.

அவர் வந்து சேரட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.