தோள் கொடுத்த ஆறு பேர்

இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. டெலியா நிமிரவில்லை. நோயில் படுத்த மூன்று மாதமும் அவள்தான் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள். அப்போதெல்லாம் அப்பா மலாக்கி கீவனி தாடையை இப்படியும் அப்படியும் கோணிக் கொடுப்பார், கூடவே கத்தி மழுங்கிவிட்டது என்று திட்டுவார். இன்று தோல் இழுத்த பக்கம் வந்து அங்கேயே நின்றது. உயிர் போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"உள்ள வரலாமா?"

குரலை வைத்தே ஆள் யாரென்று தெரிந்தது. ஃபெஸ்டி டர்கன், கிலாரன் ஊரின் மின்விளக்குக் கமிட்டிச் செயலாளர். நான்கு வருஷமாக இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். சந்தையில் அப்பா எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்.

"வாங்க, மிஸ்டர் டர்கன்."

முன்பெல்லாம் அவள் அவரை ஃபெஸ்டி என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'மிஸ்டர்' அவர் காதில் விழுந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். உதடு அசைந்தது. பிறகு நாற்காலியைப் பார்த்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

"கஷ்டமா இருந்துச்சா கடைசில?"

"இல்ல."

"உன் தம்பி மைக்கேலுக்குச் சொல்லியாச்சா?"

"தந்தி கொடுக்கணும். வர மாட்டான். இங்கிலாந்துல, கவென்ட்ரில லீவு தர மாட்டாங்க." அவள் கத்தியைத் துணியில் துடைத்தாள். "எதுக்கு வந்தீங்களோ அதைச் சொல்லுங்க."

டர்கன் தொண்டையைச் செருமினார். "வந்தது துக்கத்துக்குத்தான்."

"உங்க கோட்டு உள்பாக்கெட்ல பேப்பர் நீட்டிக்கிட்டிருக்கு."

அவர் பாக்கெட்டைக் கையால் அழுத்திக்கொண்டார். வெளியே கோழிகள் தீனிக்குக் கத்தின.

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மின்வாரியத்து ஆள் பள்ளிக்கூடத்துல கையெழுத்து வாங்குறதை முடிச்சுக் கடையைக் கட்டிடுவான்," என்றார் கடைசியில். "இந்தத் தடவை விட்டா இன்னும் பத்து வருஷம். டப்ளின்காரர் ஒருத்தர் பழைய போலீஸ் குடியிருப்பைப் பாத்துட்டுப் போயிருக்காரு. கரண்ட் வந்தா காலுறைத் தொழிற்சாலை வைப்பேன்னு பாதிரியார்கிட்ட எழுதிக் கொடுத்திருக்காரு. முப்பது பொண்ணுங்களுக்கு வேலை. பக்கத்து ஊரு டெர்ரிகான்ல பாரு, கரண்ட் போனதும் மொதல்ல மரம் அறுக்குற மில்லு வந்துச்சு, அப்புறம் பால் குளிர வைக்கிற இடம், இப்ப சட்டைத் தொழிற்சாலை. நம்ம ஊர்ல? அஞ்சு வீட்டுக்கதவுல பூட்டு தொங்குது. என் பசங்க மூணு பேரும் கப்பலேறிட்டாங்க. எல்லாம் உங்கப்பன் மேட்டு வயல்ல ரெண்டு கம்பம் நட விடாததாலதான். இப்ப வயல் உன்னுது."

"அவர் உடம்பு இன்னும் ஆறல."

"தெரியுது."

"தெரிஞ்சும் வந்திருக்கீங்க."

"ஆமா," என்றார் டர்கன். "வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வந்துட்டேன்."

அவள் வலது கன்னத்தில் கத்தியை வைத்தாள். காதோரத்திலிருந்து மெதுவாக இழுத்தாள். முப்பத்தெட்டு வயதில் இந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் வாளிதான். ஒரு நாளைக்குப் பதினொரு வாளி, கிணற்றிலிருந்து மேடேறி. மின்சாரம் வந்தால் பம்பு வரும் என்று ஐம்பத்திரண்டாம் வருஷம் பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். அவளும் பட்ரிக் டோலனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மின்சாரம் டெர்ரிகானுக்குப் போனது. பட்ரிக்கும் அங்கே மில் வேலைக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அன்று முதல் அவள் அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காக அவர் வருந்தினாரா என்றும் தெரியாது. வருந்தினாலும் காட்டுகிற ஆள் இல்லை.

"வாரியத்து ஆள் லாலர் போன வாரம் வயலைப் பாக்க வந்தப்போ ஒண்ணு சொன்னாரு," என்றாள். "போன தடவை கோடு போட்ட வரைபடத்துல கம்பி எங்க வயலைச் சுத்தித்தான் போகுதாம். அப்பா முடியாதுன்னதும் உடனே மாத்திட்டாங்களாம். இந்தத் தடவைதான் சுத்தினா செலவு கூடும்னு நேரா வர்றாங்களாம்."

டர்கன் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப எதனால நின்னுச்சு, மிஸ்டர் டர்கன்?"

"பழசை எதுக்குக் கிளறணும்?"

"கையெழுத்து வேணும்னா சொல்லுங்க."

அவர் உட்காரச் சொல்லாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அந்த நிமிஷம் அதற்கு மேல் தெரிந்தது.

"கரண்ட் இழுத்துக்கறேன்னு பேர் கொடுத்தவங்க பின்வாங்கினாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம வாரியத்துக்குக் கடுதாசி போட்டு. மாட்டுக்கு ஷாக் அடிக்கும், கூரை தீப்பிடிக்கும், பொண்டாட்டி வேணாங்குறா... ஆளுக்கு ஒண்ணு. வீடுங்க எண்ணிக்கை போதலன்னு வாரியம் நம்மளைத் தள்ளி வச்சிருச்சு."

"எத்தனை பேரு?"

"ஆறு."

"அவங்கதான் தேவாலய வாசல்ல எங்கப்பா முகத்துக்கு நேரா துப்பினவங்களா?"

"அதுல ரெண்டு பேரு."

"நீங்க ஏன் சொல்லல?"

டர்கன் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அடுத்த தடவை அந்த ஆறு கையெழுத்தும் எனக்கு வேணும். அவங்களைப் பகைச்சுக்க முடியாது. உங்கப்பன் எப்படியும் போட மாட்டான். கமிட்டிக் கூட்டத்துல எழுந்து நின்னு, 'என்னைக் கேக்காம என் வயல்ல கோடு போட்டவன் எவன்டா'ன்னு கேட்டவன். மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னது அவன் ஒருத்தன்தான்." நிறுத்தினார். "அதுவும் இல்லாம, அவனைத் திட்டுறது எனக்குச் சுலபமா இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்."

அவள் நுரையைத் துடைத்தாள். முகம் இப்போது சுத்தமாக இருந்தது. ஆனால் சாந்தமாக இல்லை. அப்பாவுக்குச் செத்த பிறகும் புருவம் நெரிந்துதான் இருந்தது.

"அந்த ஆறு பேர் யாரு?"

அவர் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சொன்னார்.

"சனிக்கிழமை காலைல வீட்டுலேர்ந்து தேவாலயம் வரைக்கும் அவங்க ஆறு பேரும் பெட்டியைத் தூக்கணும். வேற யாரும் மாத்திக்கக் கூடாது. குழியும் அவங்களே வெட்டணும். ஏன்னு நீங்க சொல்ல வேணாம். நான் கேட்டேன்னு சொன்னாப் போதும்."

"வர மாட்டேன்னா?"

"அப்ப கையெழுத்தும் வராது. வயலை ஆடு மேயட்டும்."

டர்கன் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "நீ அவன் பொண்ணுதான்," என்றார். அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் ஊரே வந்தது. ஜூன் மாதத்து வெளிச்சம் ஜன்னலில் வெகுநேரம் நின்றது. நான்கு வருஷமாகப் பால் கேன் இரவல் கேட்டால்கூட இல்லை என்றவர்கள், வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். "உன் துக்கத்துக்கு வருந்தறோம்" என்றார்கள். பன்றித்தொடை இறைச்சியையும் சோடா ரொட்டியையும் தட்டு நிறைய எடுத்துக்கொண்டார்கள். அவள் இருக்கும்போது மெதுவாகவும், சமையலறைக்குத் திரும்பியதும் கொஞ்சம் சத்தமாகவும் பேசினார்கள். எல்லார் கண்ணும் ஒரு தடவையாவது மேட்டு வயல் பக்கம் போய் வந்தது.

ஆக்னஸ் ரஃப்டரி டீக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மனுஷன் ஆசைப்பட்ட மாதிரியே எண்ணெய் விளக்கு வெளிச்சத்துலயே போய்ச் சேந்தாரு."

டெலியாவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அதைச் சொன்னாள்.

"விடிஞ்ச பிறகுதான் போனாரு," என்றாள் டெலியா. "விளக்கே தேவைப்படல." பிறகு ஆக்னஸின் புருஷன் டாம் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தவா, டாம்?" என்று கேட்டாள்.

டாம் ரஃப்டரி கோப்பையை நீட்டினான். அவன் பெயர் டர்கன் சொன்னதில் இரண்டாவது. அவள் விளிம்பு வரை ஊற்றினாள்.

"ஃபெஸ்டி வந்து சொன்னாரு," என்றான் டாம் கீழே பார்த்துக்கொண்டு. "தூக்கறதுக்கு. எனக்கு முதுகு சரியில்ல, டெலியா."

"மெதுவா நடங்க. அப்பாவுக்கு அவசரம் இல்ல."

ஆக்னஸ் புருஷனைப் பார்த்தாள், பிறகு டெலியாவைப் பார்த்தாள். டீயை முடிக்காமலேயே கோப்பையைக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் தூறிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் வந்திருந்தார்கள். கைநகத்தில் குழி வெட்டிய மண் இருந்தது. ஒவ்வொருவனும் தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி, மற்றவர்களைப் பார்க்காமல் நின்றான். டர்கன் உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஜோடி சேர்த்துவிட்டார். பெட்டியைத் தோளில் ஏற்றி, எதிர்ப்பக்கம் தூக்குபவனின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டால்தான் நடக்க முடியும். அப்படித்தான் நடந்தார்கள்.

டெலியா பெட்டிக்கு நேர் பின்னால் போனாள். பாலம் தாண்டும் இடத்தில்தான் அது நடந்தது. முன்னால் இடப்பக்கம் இருந்தவன் கில்மார்ட்டின் சகோதரர்களில் மூத்தவன்; தன் கழுத்தில் கை போட்டிருந்த டாமை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு தலையைத் திருப்ப முடிந்த அளவு திருப்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தான். "நீயுமா?" என்று அவன் கேட்டது தூறலில் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கடைசி வரிசையில் ஒருவனின் பிடரி சிவந்தது. கொஞ்ச தூரம் அடி மாறி பெட்டி ஆடியது. டர்கன் பக்கவாட்டில் ஓடிவந்து, "இடது, இடது," என்று அதட்டி ஒழுங்குபடுத்தினார். அதன்பின் தேவாலயம் வரை ஆறு பேரும் நேரே தரையைப் பார்த்து, ஒருவன் கழுத்தில் இன்னொருவன் கையோடு, கல்யாணத்துக்குத் தைத்த பழைய கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நடந்தார்கள்.

தனக்குச் சந்தோஷம் வரும் என்று டெலியா நினைத்திருந்தாள். வரவில்லை. இதை அப்பா உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கலாம் என்று தோன்றியது. அவரிடம் என்ன நடந்தது என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூடப் போதும். நான்கு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள்.

பாதிரியார் சுருக்கமாக முடித்தார். மண் தள்ளிய பிறகு ஆறு பேரும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தனித்தனியாக, ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். டர்கன் மட்டும் நின்றார். பேப்பரை எடுக்கவில்லை.

"மணி என்ன?" என்றாள் டெலியா.

"பன்னெண்டரை."

"நடங்க."

பள்ளிக்கூடத்தில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். லாலர் மையை ஒற்றி எடுத்தார். டர்கன் நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

"உங்களுக்காகப் போடல," என்றாள்.

"சரி," என்றார் அவர்.

திங்கட்கிழமை லாலர் அளவெடுக்க வந்தார். மேட்டு வயலில் இரண்டு முளை அடித்துவிட்டு, வீட்டுக்குள் எங்கெங்கே கம்பி இழுப்பது என்று பார்க்க சமையலறையில் வந்து நின்றார். காதில் பென்சில். டேப்பின் ஒரு நுனியை அவளிடம் கொடுத்தார்.

"சமையலறைல ஒண்ணு," என்றாள் டெலியா. "மாட்டுக்கொட்டகைல ஒண்ணு. கிணத்துப் பம்புக்கு ஒரு கம்பி. என் அறைல ஒண்ணு."

அவர் எழுதிக்கொண்டார். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைப் பார்த்து, பென்சிலை நிறுத்தி, "அந்த அறைக்கு?" என்று கேட்டார்.

அவள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டே கதவைத் தள்ளி உள்ளே போனாள். மெத்தையை வெயிலில் போட்டிருந்ததால் கட்டிலில் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய், தலைமாட்டுச் சுவரில் டேப்பை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"சுவரைத் தொட்டாச்சா?" என்றார் லாலர் வெளியிலிருந்து.

"ஆச்சு."

டேப் இழுபட்டு விறைத்து நின்றது.