ஊற்றாத தண்ணீர்

சர்ச்சில் ஞானஸ்நானத் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் மறுபடி வாளிக்கே போக ஆரம்பித்து மூன்று வருஷமாயிற்று. ஒழுகவில்லை, வற்றவில்லை. விளிம்பேறி இறங்கி, எந்த வாளியில் வந்ததோ அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. அப்புறம் சலித்துப்போயிற்று. பிள்ளைகள் ஞானஸ்நானம் இல்லாமலே வளர்ந்தார்கள். பல் முளைத்த ஒன்று பாதிரியாரைக் கடித்தும் வைத்தது.

தட்டிப்பார் என்று பேரெடுத்த கொத்தனார் இதை நம்பவில்லை. சுவரோ பூசணிக்காயோ, தட்டிப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். தொட்டியைக் கொத்திப் புதிதாகச் சிமெண்டு பூசினார். தண்ணீர் வாளிக்கே போயிற்று. வாளியைத் தன் வீட்டுக் கொல்லையில் ஒளித்தார். தண்ணீர் கடைத்தெரு வழியாக விசாரித்துக்கொண்டே வந்ததுபோல் நேரே வந்து சேர்ந்தது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த மழைக்காலத்துக்குள்ள பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆகலேன்னா உங்க மாப்பிள்ளை ஊருக்கே போயிடுறோம்பா. அங்க வேலையும் இருக்கு, வீடும் இருக்கு. அப்புறம் வா வான்னா வர முடியாது." பேத்தி அப்போதுதான் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள்.

சர்ச்சுக்கும் யூதர் ஜெபக்கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். ஊரில் மிச்சமிருந்த யூதர், ஜெபக்கூடச் சாவியை வைத்திருந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர்தான். அங்கிருந்துதான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, கொத்தனார் உளியோடு அவர் கடை முன்னால் போய் நின்றார். வாட்ச்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றவில்லை.

"தண்ணிய எதுல மொண்டு ஊத்தினீங்க?"

"வாளியிலதான். பின்ன, கையிலயா?"

"அதான் விஷயம். எங்க ஜெபக்கூடத்துல முங்கிச் சுத்தமாகுற தொட்டிக்கு மொண்டு ஊத்தின தண்ணி ஆகாது, கொத்தனாரே. தானா வரணும். மழை, இல்லாட்டி ஊத்து."

"அது உங்க சட்டம். எங்க தொட்டிக்கு என்னவாம்?"

"உங்க பைபிள்ல ஆத்துல நின்னு முழுக்குக் குடுத்தாரே, அவரு யாரு? எங்காளு. முங்கி எந்திரிச்ச உங்க சாமியும் எங்காளுதான். அங்க எவனாவது வாளி தூக்கிட்டு நின்னானா?"

கொத்தனார் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரோடு போய்ப் பார்த்தார். ஜெபக்கூடத் தொட்டி படியிறங்கிப் போகிற பள்ளத்தில், சருகு நிரம்பிக் கிடந்தது. கூரைத் தண்ணீர் வருகிற கால்வாய் இடிந்து பல வருஷமாம், கட்ட ஆளில்லையாம். "முதல்ல என்னோடது நிறையணும், அப்புறம் உங்களோடது" என்றார் வாட்ச்காரர். "எல்லாத்துலயும் மூத்தவன் நீதான்யா" என்று முணுமுணுத்துக்கொண்டே கொத்தனார் கால்வாயைக் கட்டினார், அங்கே நிறைந்த தண்ணீர் இந்தப் பக்கம் வரச் சுவரில் வழியும் குடைந்தார். குடைந்து முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: தங்கள் தொட்டி இடுப்புயரம், அந்தத் தொட்டி பள்ளத்தில். கீழேயிருந்து மேலே தண்ணீர் எப்படிப் போகும்? வீட்டில் மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வாட்ச்காரர் மட்டும், "வாளிக்குள்ள ஏறின தண்ணிக்கு இது ஒரு ஏத்தமா?" என்றார்.

மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்தது. பள்ளத்துத் தொட்டி நிறைந்தது. பிறகு தண்ணீர் சுவர் வழியே மெல்ல ஏறி, ஞானஸ்நானத் தொட்டிக்குள் வந்து அசையாமல் நின்றது. பேத்தி முழுக்கிலிருந்து எழுந்து போட்ட அலறல் இரண்டு கட்டடத்திலும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாட்ச்காரர் கை தட்டினார். மகள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்த துணிகளை மறுபடி கொடியில் போட்டாள்.

எல்லாரும் போன பிறகு கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபின் ஒரு முனையை இந்தத் தொட்டியிலும் மறுமுனையை அந்தத் தொட்டியிலும் வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் இருந்த தண்ணீரும் இடுப்புயரத்தில் இருந்த தண்ணீரும் ஒரே மட்டம். இன்னொரு தடவையும் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று டியூபைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.