பிளக்கைப் பிடுங்கியவள்

“எந்த மெஷின்?” என்று கேட்டார் நர்ஸ். வணக்கம் சொல்லவில்லை, உட்காரவுமில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ரத்த வங்கியின் பின்பக்கம், ஸ்டோர் ரூமைப் பலகை வைத்துத் தடுத்த சின்ன அறை அது. அலமாரியின் கீழ்த்தட்டில் உறுமிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியை, அதைப் பார்த்துக்கொள்ளும் அவள் கைகாட்டினாள். நர்ஸ் குனிந்து அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இவ்வளவுதானா?” என்றார்.

இவ்வளவுதான். நகரத்தின் ஐந்து ரத்த வங்கிகளில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று காட்டும் இணையப் பக்கம் அந்தப் பெட்டியில்தான் ஓடியது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போய்ப் பாதியில் மயங்கி விழுந்துவிட்டது. அவள் ஓடிவந்து எழுப்புவதற்குள் நாற்பத்து மூன்று நிமிடம். அந்த நேரத்தில்தான் நர்ஸின் வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனது. ஓ நெகட்டிவ் வேண்டும். இணையப் பக்கம் வந்த பிறகு யார் வங்கிகளின் போன் நம்பரை எழுதி வைக்கிறார்கள்? பத்து நிமிட தூரத்தில் மூன்று பை இருந்தது தெரியாமல், நகரத்தின் மறுகோடிக்கு ஆள் ஓடியிருக்கிறது.

“பொழச்சுட்டாங்க. மூணாம் நாள்தான் கண்ணு முழிச்சாங்க,” என்றார் நர்ஸ். “திட்ட வரல நான். மறுபடியும் இப்படி ஆகுமான்னு கேக்கத்தான் வந்தேன்.”

ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. பொய் சொல்ல நா எழவில்லை.

“ரெண்டு வாரம் டைம் குடுங்க சிஸ்டர்,” என்றாள்.

அந்த மாதிரிப் பெட்டிக்குச் சர்வர் என்று பெயர்; வங்கியில் அவளுக்குச் சர்வரம்மா என்று பெயர். “மருமக சர்வர் வேலை பாக்குறா” என்று மாமியார் ஒரு கல்யாண வீட்டில் பெருமையாகச் சொல்லப்போக, “அடப்பாவமே, அவ்வளவு படிச்சுட்டு ஓட்டல்ல தட்டு எடுக்குதா!” என்று ஒரு சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாளாம். கதை எப்படியோ வங்கிக்கு வந்து சேர்ந்து, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொண்டுவந்து வைப்பதுதானே இரண்டு வேலையும்?

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவன் அவளுடைய சொந்த அண்ணன். அவளுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான். பெட்டியில் பழுதில்லை, பார்த்துவிட்டாள். அதை ஓட்டுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் கோளாறு. அண்ணனுக்கு எதுவும் ஆகப் புதியதாக இருக்க வேண்டும். புதிய வெர்ஷன் வந்த வாரமே போட்டுவிடுவான். அதற்கு ஆயுள் ஒன்பது மாதம். அதன் பிறகு அடுத்ததற்குத் தாவியாக வேண்டும். அப்படித் தாவும்போதுதான் செவ்வாய்க்கிழமை கால் இடறியது.

“அடுத்த வெர்ஷன்ல அதச் சரி பண்ணிட்டாங்க பாப்பா,” என்றான் போனில். “அரை மணி நேரத்துல ஏத்திடறேன்.”

“வேணாம்ணா. சோதிச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்.”

“எத?”

“எல்லாத்தையும்.”

“நான் போட்டதையா சோதிக்கப் போற?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டான்.

ஸ்டோர்க்காரரிடம் நாலு கையெழுத்துப் போட்டு, ஒரே மாதிரியான மூன்று பழைய மெஷின்களை வாங்கினாள். ஒன்றில் அண்ணன் சொன்ன புது வெர்ஷன். இன்னொன்றில் பெரிய கம்பெனி ஒன்றின், காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய சிஸ்டம். மூன்றாவதில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே புது வெர்ஷன் வருகிற, போட்டதற்கு ஐந்து வருடம் பிழைதிருத்தம் கிடைக்கிற ஒரு பழைய சிஸ்டம். ஸ்டோர்க்காரர் பார்த்த மாத்திரத்தில் பெயர் வைத்துவிட்டார்: புதுமாப்பிள்ளை, பணக்காரன், வாயில்லாப் பூச்சி.

“இந்தப் பூச்சில புதுசா ஒண்ணுமே இல்லையே மேடம்?”

“அதுக்குத்தான் எடுத்தேன்.”

சோதனை எளிமையானது. மூன்றிலும் அதே பக்கத்தை ஏற்றினாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவாள். பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் செருகுவாள். கீபோர்டைத் தொடக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். தானாக எழுந்து பக்கத்தைக் காட்டுகிறதா, எத்தனை நொடியில் என்று நோட்டில் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முப்பது முறை. முதல் தடவை பிடுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருடமும் எந்த மெஷினின் பிளக்கும் கழன்றுவிடக் கூடாதே என்று காவல் காத்தவள் அவள். பத்தாவது தடவைக்குள் கண்ணை மூடுவது நின்றுவிட்டது. விழுவதைத் தடுக்க முடியாது என்று உள்ளே ஏதோ ஒன்று ஒத்துக்கொண்டுவிட்டது போலிருந்தது.

புதுமாப்பிள்ளை வேகமாகத்தான் எழுந்தான். பத்தொன்பதாவது முறை, ‘ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்’ என்று எழுதிவிட்டு நின்றான். யாராவது வந்து அழுத்தும்வரை நின்றிருப்பான். பணக்காரன் விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் இணைய லைனைத் துண்டித்துப் பார்த்தபோது, லைசென்ஸைச் சரிபார்க்கக் கம்பெனியைத் தேடித் தேடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். லைன் அறுந்த நாளிலும் வங்கிக்குள் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் வேண்டுமே.

வாயில்லாப் பூச்சி ஐம்பது நொடியில் எழுந்தது. மறுபடியும் ஐம்பது. பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும்படி, ஐம்பது. இருபத்திரண்டாவது முறை எழவில்லை. ஒரு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று. ஆறாவது நிமிடம்தான் பக்கம் வந்தது.

“இத எழுதாதீங்க மேடம்,” என்றார் ஸ்டோர்க்காரர், குரலைத் தாழ்த்தி. “நம்ம ரெண்டு பேரத் தவிர யாரு பாத்தா?”

எழுதினாள். பிறகு உட்கார்ந்து, மெஷின் தன் நடவடிக்கைகளைப் பதிந்து வைத்திருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்து, ஒதுக்கிவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தானே எழுந்து வந்திருக்கிறது பூச்சி. டிஸ்க்கை மாற்றினாள். நோட்டில் கோடு போட்டு, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை அறுபது தடவை; அறுபதிலும் எழுந்தது.

கூட்டத்துக்கு அண்ணனும் வந்திருந்தான். தலைமை டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, “டாக்டர், அவ சொல்ற சிஸ்டமும் இருபத்திரண்டாவது தடவை படுத்துடுச்சு. அவளே எழுதியிருக்கா பாருங்க,” என்றான்.

“ஆமா, டிஸ்க் கெட்டுப் போச்சு,” என்றாள். “கெட்ட டிஸ்க்கோடயே ஆறு நிமிஷத்துல எந்திரிச்சுது.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “இது இனிமே நிக்காதுன்னு எழுதிக் குடுப்பீங்களாம்மா?”

“மாட்டேன் டாக்டர். எந்த மெஷினும் ஒரு நாள் நிக்கும். நின்னா, ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்காம தானா எந்திரிக்கும். அஞ்சு வருஷத்துக்குப் பகல்ல திடீர்னு எதையும் மாத்தாது. அத எழுதிக் குடுக்கறேன்.”

கையெழுத்து ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றிவிடச் சொன்னார் டாக்டர்.

வராந்தாவில் அண்ணன் அவளை நிறுத்தினான். “வளத்த கடா மார்ல பாயும்னு சொல்லக் கேட்டிருக்கேன் பாப்பா.”

“உன் மேல பாயலண்ணா. அந்தச் செவ்வாய்க்கிழமை மேலதான் பாயறேன்.”

“நான் இதே சிஸ்டத்தப் போட்டுக் குடுத்த இடம் இன்னும் ஒம்பது இருக்கு. உன் தங்கச்சியே வேணாம்னுட்டாளாமேன்னு கேட்டா என்ன சொல்றது?”

“சோதிச்சுப் பாத்துட்டோம்னு சொல்லு. நோட்டு தரேன், எடுத்துட்டுப் போ.”

நீட்டிய நோட்டை அவன் வாங்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டான். அன்று இரவு வீட்டில், மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை வரிசை பிசகாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வயர்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அண்ணன். சட்டைக் கையை மடித்துவிட்டு, அலமாரிக்குக் கீழே மல்லாந்து நுழைந்தான். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் நீலச் சாக்ஸ், மற்றதில் கறுப்பு.

“நீலக் கேபிளக் குடு.”

கொடுத்தாள். பழைய பெட்டியின் உறுமல் அடங்கியது. அறையில் இவ்வளவு அமைதி இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. புதிய மெஷினின் விளக்கு பச்சைக்கு மாறியது. திரையைப் பார்த்தாள். வெற்றுத் திரை. யாரோ எங்கோ பக்கத்தைத் திறந்தால்தான் அதில் ஒரு வரி விழும்.

“யாராச்சும் வந்தாங்களா?” என்றது கீழேயிருந்து குரல்.

ஒரு வரி விழுந்தது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி, பி பாசிட்டிவ். தொடர்ந்து இன்னொன்று. அவள் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு எண்ணினாள். கீழே அந்தக் கால்கள் அசையாமல் காத்திருந்தன. மூன்றாவது வரி விழுந்தது.